மேய்க்கால் புறம்போக்கு யாருக்குச் சொந்தம்? ஊருக்கா, சர்க்காருக்கா?

கேள்வி: கிழக்குமேடு

வணக்கம். வேலை சென்னையில், ஊர் வடமாவட்டம் ஒன்றில். முன்னூறு வீடு இருக்கும். ஊர் பேர் இப்போதைக்கு வேண்டாம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருக்குக் கிழக்கே மேட்டில் நாலு பேர் டேப்பும் சிவப்புக் கொடியுமாக அளந்துகொண்டிருந்தார்கள். விசாரித்தால், ஒரு அரசுத் துறைக்குக் கிடங்கு கட்டப் போகிறார்களாம், ஐந்து ஏக்கர் வேண்டுமாம். அந்த மேடு மொத்தம் 11 ஏக்கர் 40 சென்ட். எங்கள் தாத்தா காலத்திலிருந்து ஊர் ஆடு மாடெல்லாம் அங்கேதான். இப்போதும் இருநூறு ஆடாவது இருக்கும். அதில் பாட்டியுடையது பதினான்கு. மழைக்காலத்தில் கோரையும் அருகும் முளைக்கும், கோடையில் வெறும் கல். ஆனால் மேற்குப் பக்கம் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரை வரைக்கும் ஆட்டுக்கு அது போதும்.

அளக்க வந்தவர்களிடம் பாட்டி போய், "இது ஊர் மேய்க்கால் ஆச்சேப்பா" என்று கேட்டிருக்கிறாள். "பாட்டி, இது புறம்போக்கு. சர்க்கார் நிலம். சர்க்கார் எடுக்குது. உனக்கு என்ன?" என்று அதில் ஒருவர் சொன்னாராம். அன்று ராத்திரி பாட்டி சாப்பிடவில்லை. எண்பத்திரண்டு வயதில் சாப்பாட்டை விடும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று முதலில் நினைத்தேன். அப்புறம் நானே ஆன்லைனில் அந்த சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். "அரசு புறம்போக்கு, கல்லாங்குத்து, 4.61.50 ஹெக்டேர்" என்று வருகிறது. கல்லாங்குத்து என்றால் கல் நிறைந்த தரையாம். மேய்க்கால் என்று எங்கேயும் இல்லை.

என் கேள்வி இதுதான். புறம்போக்கு என்றால் அரசு நினைத்தபடி என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? ஊரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையா? எங்கள் நிலத்தை எடுக்கிறார்கள் என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுப் பட்டாகூடக் கிடையாது. எங்கே போய் எதைக் கேட்பது?

பதில் 1: நேர்பட_பேசு

தப்பாக நினைக்க வேண்டாம் சகோ. பட்டா இல்லை, வரி கட்டவில்லை, ஆனால் "எங்கள் நிலம்" என்கிறீர்கள். கிடங்கு வந்தால் சுமை தூக்க, காவலுக்கு, டீக்கடைக்கு என்று நாற்பது பேருக்காவது பிழைப்பு. இருநூறு ஆட்டுக்காக அதைத் தடுப்பதா? தனியார் வந்து வளைத்துப் போட்டால் கத்துங்கள், நானும் கூட வந்து கத்துகிறேன். அரசு எடுத்து அரசே கட்டுவதில் என்ன குறை?

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், தண்ணீர்த் தொட்டி மூன்றுமே புறம்போக்கில்தான் நிற்கின்றன. அன்றைக்கு எல்லோரும் ஆடு மேய்க்கணும் என்று மறித்திருந்தால் இன்றைக்கு நான் இப்படி டைப் அடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பதில் 2: பழைய_விஏஓ

தம்பி, முதலில் பாட்டியைச் சாப்பிடச் சொல். இது ஒரு நாளில் முடிகிற விஷயம் இல்லை.

நான் 1984-ல் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து 2017-ல் ஓய்வு பெற்றவன். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), முன்சீப் பதவிகளை ஒழித்தது. அதற்குப் பிறகு தேர்வாணையம் வழியாக வந்த ஆரம்பத் தலைமுறை நாங்கள். நான் பொறுப்பேற்ற முதல் ஊரில் பழைய கர்ணம் கணக்குக் கட்டை ஒரு காவி வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது, "பட்டா நிலத்தைப் பட்டாதார் பார்த்துப்பான். புறம்போக்கை நீ பாரு, அதைப் பார்க்க வேற ஆள் கிடையாது" என்றார். அந்த மனிதர்மேல் ஊரில் நூறு புகார் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை சரியான வார்த்தை.

இப்போது புறம்போக்கு என்ற சொல்லைத் திட்டுகிற வார்த்தை ஆக்கிவிட்டோம். யாருக்கும் உதவாதவன் என்று பொருளாகிவிட்டது. கணக்கில் அதன் பொருள் வேறு. விவசாயியிடம் அரசே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் சர்வே செய்தபோது எந்த நிலத்துக்குத் தீர்வை, அதாவது நிலவரி, போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று பிரித்தார்கள். பொது உபயோகத்துக்கென்று தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக நிறுத்தி வைத்தது புறம்போக்கு. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, களம், மந்தைவெளி, சுடுகாடு, தோப்பு, மேய்க்கால், எல்லாம் இதில் வரும். யாருக்கும் வேண்டாம் என்று விட்டது தரிசு. அது வேறு தலைப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதி வம்பு தொடங்குகிறது.

ஆகவே "புறம்போக்கா, இல்லையா" என்பது பாதிக் கேள்விதான். "என்ன புறம்போக்கு?" என்பதுதான் முழுக் கேள்வி. கிராமத்து நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வரி. அதன் கடைசியில் குறிப்புப் பத்தி. அங்கே எழுதியிருக்கும் ஒரே ஒரு சொல்தான் உங்கள் மேட்டின் தலையெழுத்து. மேய்க்கால் என்று இருந்தால் ஒரு வழி, கல்லாங்குத்து என்று இருந்தால் வேறு வழி.

எப்படி என்று சொல்கிறேன். மேய்க்காலை வேறு உபயோகத்துக்குக் கொடுப்பது என்றால் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையின் கருத்து கேட்பார்கள், ஈடாக வேறு நிலம் எங்கே என்பார்கள். கோப்பு கனமாகும், காலமும் பிடிக்கும். கல்லாங்குத்து என்றால் கல்லுக்காக யார் அழப் போகிறார்கள்? சரசரவென்று ஓடும்.

அப்புறம் பஞ்சாயத்து. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 134-வது பிரிவைப் படித்துப் பார். மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு இடுகாடு, மாட்டு மந்தை, வண்டி நிறுத்தம், தோப்பு ஆகிய புறம்போக்குகளின் நிர்வாகம் கிராம ஊராட்சியிடம் என்று இருக்கும். நிர்வாகம் என்றால் உடைமை என்று எடுத்துக்கொள்ளாதே. வகைப்பாடு மாற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடமேதான். ஆனாலும் மேய்ச்சல் தரை என்றால் ஊராட்சிக்கு வாய் திறக்க ஓர் இடம் உண்டு. கல்லாங்குத்துக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

சரி, மேய்க்கால் எப்படிக் கல்லாங்குத்து ஆகும்? 1979-லிருந்து 1987 வரை யுடிஆர் என்று ஒன்று நடந்தது. நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம். நல்ல திட்டம்தான், அதற்கு முன் செத்தவர் பேரில்தான் பாதிப் பட்டா இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை புலம் முடிக்க வேண்டும் என்று ஓட்டிய ஓட்டத்தில் பிழைகளும் புகுந்தன. உறவினர் பெயர் மாறியது, சென்ட் கணக்கு மாறியது. கோடையில் போய்ப் பார்த்தவருக்கு உங்கள் மேடு கல்லாகத் தெரிந்திருக்கும், அப்படியே எழுதியிருப்பார். இது என் ஊகம்தான். ஊகத்தை வைத்து மனு எழுத முடியாது.

அதனால் பழைய கணக்கை எடு. யுடிஆருக்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேடு, பசலி 1390-க்கு முந்தைய அடங்கல், அதாவது ஒவ்வொரு ஆண்டும் எழுதும் கிராம நிலக் கணக்கு. பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு, ஆங்கில ஆண்டில் 590 கழித்துக்கொள். 1390 என்பது 1980 ஜூலையிலிருந்து 1981 ஜூன் வரை. தாலுகா அலுவலகத்தில் நகல் மனு போடு. "பழசு எல்லாம் இல்லை" என்பார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல் "பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள். அந்த வரிக்குப் பலன் அதிகம்.

இப்போது நேர்பட_பேசு தம்பிக்கு ஒரு வார்த்தை. அரசு நிலத்தில் அரசு கட்டுவதில் குறை இல்லை. நானே பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் இடம் காட்டியிருக்கிறேன், பெருமையாகத்தான் காட்டினேன். ஆனால் அந்த இடம் எப்படித் தேர்வாகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? திட்ட வரைபடம், ஆய்வுக் குழு என்றெல்லாமா? பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு துறை கலெக்டருக்கு எழுதும்: மெயின் ரோட்டுப் பக்கம் ஐந்து ஏக்கர் வேண்டும். கலெக்டர் ஆபீஸ் தாசில்தாருக்கு அனுப்பும். தாசில்தார் வருவாய் ஆய்வாளருக்கு, ஆர்.ஐ. என்போம். ஆர்.ஐ. எனக்குப் போன் போடுவார்: "உன் கிராமத்துல ரோட்டோரமா ஏதாவது இருக்கா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு." நான் மடியில் 'அ' பதிவேட்டை வைத்துக்கொண்டு பக்கத்தைத் தள்ளுவேன். புறம்போக்கு, பரப்பு பெரிசு, ஏரி ஓடை இல்லை, கோர்ட் கேஸ் இல்லை. கிடைத்தது. அந்த அரை மணி நேரம்தான் திட்டமிடல். மற்றதெல்லாம் அதற்கு மேல் போடும் கையெழுத்து.

ஏன் எப்போதும் புறம்போக்கே சிக்குகிறது என்றால், அதற்கு விலை இல்லை. பட்டா நிலம் எடுக்க 2013-ம் ஆண்டுச் சட்டம் சந்தை மதிப்பு, அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை, சமூகத் தாக்க மதிப்பீடு என்றெல்லாம் கேட்கும். புறம்போக்கை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நில மாற்றம் செய்தால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். பதினான்கு ஆட்டுக்கு நஷ்டஈடு எழுத எந்தப் படிவத்திலும் பத்தி கிடையாது.

கடைசியாக ஒன்று, இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நிலம் கொடுப்பதற்கு முன்பு ஏ1 நோட்டீஸ் என்று ஒன்று போட வேண்டும். இந்த நிலம் இன்ன காரியத்துக்குக் கொடுக்கப்படப் போகிறது, ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று. சாவடியில், பஞ்சாயத்து ஆபீசில் ஒட்ட வேண்டும், தண்டோரா போட வேண்டும். ஒரு ஊரில் நான் அதைப் பகல் பதினொரு மணிக்குத் தண்டோரா போட வைத்தேன். அந்நேரம் ஊரே நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில் இருந்தது. நோட்டீசை ஆபீஸ் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கெடு முடிந்ததும் "ஆட்சேபணை ஏதும் வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே இருந்து அவசரம், நானும் அவசரப்பட்டேன். அந்த இடத்தில் பிறகு ஒரு கட்டடம் வந்தது, நல்லதற்குத்தான் வந்தது. ஆனால் அதுவரை அந்த வழியாகச் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தெருக்காரர்கள் அன்றிலிருந்து வயல் வரப்பில் பாடை தூக்கினார்கள். வரப்பில் பாடை சாய்ந்ததை ஒருமுறை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆகவே தம்பி, ஏ1 நோட்டீஸ் போட்டார்களா, தேதி என்ன, கெடு என்ன என்று இன்றைக்கே போய்ப் பார். கதவின் உள்பக்கமும் பார்.

பதில் 3: புறநகர்_மீனா

ஊர் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் "பழைய கணக்கை எடு" என்று பழைய விஏஓ ஐயா சொன்னதில் எங்கள் அனுபவமும் இருக்கிறது.

நாங்கள் இருப்பது சென்னைக்குத் தெற்கே ஒரு மனைப்பிரிவு. மனை வாங்கும்போது வரைபடத்தில் பச்சையாகப் பூங்கா என்று காட்டினார்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பச்சையில் ஒருவர் கம்பி வேலி போட்டு, நாலு மனையாகக் கல் நட்டுவிட்டார். கேட்டால் "எங்க குடும்பச் சொத்து" என்றார். சங்கத்தில் பாதிப் பேர் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிவிட்டார்கள்.

மனைப்பிரிவில் சாலைக்கு விட்டது போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும், ஓஎஸ்ஆர் என்பார்கள். இப்போதுள்ள 2019 விதிகளில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் காசு கட்டித் தப்பிக்கவும் முடியாது, நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மனைப்பிரிவு அதற்கு முந்தியது. அப்போதும் பத்திரம் எழுதியிருக்க வேண்டுமே என்று எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர்தான் பிடிவாதமாகச் சொன்னார். வில்லங்கம் போட்டோம். மூன்றாவது முயற்சியில்தான், பழைய சர்வே எண்ணில் தேடியபோது, தானப்பத்திரம் அகப்பட்டது. பூங்காவும் சாலைகளும் அப்போதைய பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. எழுதிக் கொடுத்தவர் வேலி போட்டவரின் பெரியப்பா!

அந்த நகலோடு போன பிறகும் ஒன்றரை வருடம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் எங்களை "நீங்க யாரு கேக்க" என்று கேட்கவில்லை. இப்போது அது பூங்காதான். பையன்கள் கிரிக்கெட் ஆடக் கூடாது என்று சங்கமே போர்டு வைத்திருக்கிறது என்பது தனிச் சண்டை. அதை இங்கே ஆரம்பித்தால் நிற்காது.

கல்லாங்குத்து என்ற ஒரு சொல்லால் நிலம் கைமாறுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கரணை எனக்குப் பக்கம். அந்தச் சதுப்பு நிலத்தை வெறும் சேறு என்றே நினைத்தார்கள், பெருங்குடிக் குப்பையைக் கொட்ட அதைத்தான் இடமாகப் பார்த்தார்கள். நீர் வடிய வேண்டிய இடத்தில் சாலையும் கட்டடமும் வந்தன. 2022-ல் அதே சதுப்பில் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் ஏறியது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாம். கணக்கில் சேறு என்று எழுதியிருந்தபோதும் பறவைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

பதில் 4: நேர்பட_பேசு

விஏஓ ஐயா, தண்டோரா கதையைச் சொன்னதற்கு உங்களை மதிக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ஊர் ஊர் என்கிறோம். புறம்போக்கில் வேலி போட்டு முருங்கை நட்டிருப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள்தானே? எங்கள் ஊரில் ஏரிப் புறம்போக்கைத் தின்றது அரசு அல்ல, ஏரிக்கு நாலு பக்கமும் நிலம் வைத்திருந்தவர்கள். வருடத்துக்கு ஒரு வரப்பு உள்ளே போகும். அரசு எடுத்தால் மட்டும் ஊர் விழித்துக்கொள்கிறதே, அது எப்படி?

பதில் 5: பழைய_விஏஓ

நல்ல கேள்வி தம்பி, இதில் நான் உன் பக்கம்.

அரசும் தின்றது, ஊரும் தின்றது. அரசு தின்றது என்றால் வள்ளுவர் கோட்டம் நிற்பது ஒரு ஏரிப் படுகை. முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புக்குப் பெயரே "ஏரித் திட்டம்". ஏரியை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஊர் தின்றது என்றால், உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் சொன்ன ஜக்பால் சிங் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். பஞ்சாபில் பட்டியாலா பக்கம் ரோஹர் ஜாகிர் என்று ஒரு ஊர். ஊர்க் குளத்தை மூடிச் சிலர் வீடு கட்டிக்கொண்டார்கள். கலெக்டர் என்ன செய்தார் தெரியுமா? காலி செய்யச் சொல்லாமல், இடத்துக்கு விலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பஞ்சாயத்துக்குச் சொன்னார். உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எல்லா மாநிலமும் பொது நிலத்து ஆக்கிரமிப்பை எடுக்கத் திட்டம் வகுக்க வேண்டும், நீண்ட நாள் இருந்தார், செலவு செய்து கட்டினார் என்பதெல்லாம் காரணம் ஆகாது என்றது. நிலமற்ற கூலிகளுக்கோ, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கோ அரசு உத்தரவின்படி கொடுத்தது, ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருந்தகம் மாதிரி பொதுக் கட்டடம் நிற்பது போன்ற அபூர்வமான இடங்களுக்கு மட்டும் விலக்கு வைத்தது. உன் ஊர்ப் பள்ளிக்கூடம் பயப்பட வேண்டாம்.

நம் பக்கம் ஆக்கிரமிப்புக்கு 1905-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 7-வது பிரிவில் விளக்கம் கேட்பது, 6-வது பிரிவில் காலி செய்யச் சொல்வது. பொதுப்பணித் துறை ஏரி என்றால் 2007-ல் தனிச் சட்டம். 1905-ன் சிரிப்பு என்னவென்றால், ஆக்கிரமித்தவர்மேல் நான் பி-மெமோ என்ற ஆக்கிரமிப்புக் குறிப்பைப் போடுவேன். அதற்கு அவர் அபராதம் கட்டுவார். கட்டிய ரசீதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்துக்கொண்டு, இருபது வருடம் கழித்து "நான் சர்க்காருக்குத் தண்டம் கட்டி அனுபவிக்கிறேன், எனக்குப் பட்டா கொடு" என்பார். தண்டத்தையே ஆதாரமாக்கும் சாமர்த்தியம்! ஆட்சேபணையற்ற இடத்தில் குடிசை போட்ட ஏழைக்கு அது நியாயம். மேய்க்காலில் முருங்கைத் தோட்டம் போட்டவருக்கு நியாயம் இல்லை.

பதில் 6: கிழக்குமேடு

ஐயா, நடந்ததைச் சொல்கிறேன்.

ஏ1 நோட்டீஸ் இருந்தது. கதவின் உள்பக்கம் இல்லை, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில், நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, டெங்கு விளம்பரத்துக்கு அடியில். ஓரத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் தேதியைப் படித்தேன். கெடு முடிய ஆறு நாள் பாக்கி. அன்றே முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்தோடு ஆட்சேபணை எழுதி தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டோம்.

பழைய அடங்கல் கிடைக்க ஒரு மாதம் ஆகிவிட்டது. பார்வையிட அனுமதி என்ற அந்த வரிதான் வேலை செய்தது. பதிவறையில் நானே உட்கார்ந்து புரட்டினேன். தொட்டால் உதிர்கிற தாள். பசலி 1386-ல் எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே "மேய்க்கால்" என்று சாய்ந்த கையெழுத்தில் இருந்தது ஐயா. போட்டோ எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

ஆனால் அதே கட்டில் இன்னொன்றும் இருந்தது. அந்த எண்ணில் மூன்று பி-மெமோ. ஒன்றில் என் சித்தப்பா பெயர். 18 சென்ட், மாட்டுக் கொட்டகையும் முருங்கையும். நான் சின்ன வயதில் விளையாடிய கொட்டகை. அது எங்கள் நிலம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஆட்சேபணை மனுவில் மூன்றாவது கையெழுத்து சித்தப்பாவுடையது. நேர்பட_பேசு சகோ, நீங்கள் கேட்ட கேள்வி நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. இதைச் சொன்னால் குடும்பத்தில் சண்டை, மறைத்தால் விசாரணையில் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள்.

பதில் 7: பழைய_விஏஓ

கண்டிப்பாக எடுத்துக் காட்டுவார்கள். ஊர் ஆட்சேபணை வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பதே கையெழுத்துப் போட்டவர்களில் பி-மெமோக்காரர் யார் என்பதைத்தான். "மனுதாரர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், சுயலாபத்துக்காக ஆட்சேபிக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முப்பத்தெட்டுப் பேரையும் தள்ளிவிடலாம். நான் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

விசாரணைக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்று பேரும் தாங்களாக விட்டுவிடுகிறோம், எங்கள் ஆக்கிரமிப்பையும் சேர்த்து அளந்து மொத்தம் 4.61.50-ஐயும் மேய்க்காலாகத் திருத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தால் அந்த மனுவுக்கு எடை வேறு. ஆட்சேபிப்பதோடு நிற்காமல் மாற்று இடமும் காட்டுங்கள். உங்கள் தாலுகாவில் சாலையோரம் தரிசு எது என்று ஆன்லைனிலேயே தேடலாம். ஐந்து ஏக்கர் வேண்டும் என்பது அந்தத் துறையின் உண்மையான தேவை, அதை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. வகைப்பாட்டுத் திருத்தத்தை ஜமாபந்தியில், அதாவது தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில், ஒரு மனுவாகவும் கொடு. அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடு. சபை தீர்மானம் யார் கையையும் கட்டாது, ஆனால் கோப்பில் அது இருந்தால் "ஆட்சேபணை ஏதும் இல்லை" என்று எழுத எவனுக்கும் பேனா வராது.

இத்தனை செய்தும் கிடங்கு வரலாம். ஐந்து ஏக்கரை எடுத்து, ஈடாக நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கரட்டைக் காட்டலாம். ஆடு நாலு கிலோமீட்டர் நடக்கும், பாட்டி நடக்க மாட்டாள். அதனால் எந்த ஐந்து ஏக்கர் என்பதையாவது கையோடு பேசிவிடு. தண்ணீர் நிற்கும் அந்த மேற்குப் பள்ளம் மேய்க்கால் பக்கம் இருக்க வேண்டும், கிடங்குப் பக்கம் போகக் கூடாது. உட்பிரிவு வரைபடம் போடுவதற்கு முன்னால் சொன்னால் நில அளவர் கோட்டை நகர்த்தலாம். போட்ட பிறகு கலெக்டராலும் லேசில் நகர்த்த முடியாது.

பதில் 8: கிழக்குமேடு

சித்தப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை. சித்திதான் கொட்டகைக் கூரையைப் பிரித்தாள். மற்ற இருவரில் ஒருவர் சம்மதம், ஒருவர் இன்னும் யோசிக்கிறார்.

தாசில்தார் வியாழக்கிழமை மறு அளவைக்கு வரச் சொல்லியிருக்கிறார். புலப்படத்தில் உள்ள கற்களில் இரண்டைத்தான் நில அளவரால் கண்டுபிடிக்க முடிந்ததாம். வடகிழக்கு மூலைக் கல் காணவில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். நேற்று பாட்டி என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். சீமைக் கருவேலத்துக்கு அடியில், பாதி புதைந்து கிடக்கிறது. ஆடு முதுகு சொறிந்துகொள்கிற கல் என்றாள். வியாழக்கிழமைக்குள் முள்ளை வெட்ட வேண்டும்.